தூக்கம் வந்தா சுலபம்

மடத்தனத்தை மூட்டை கட்டி விற்கலாம் என்று ஒரு காலம் வந்தால், கருக்கம்பட்டிக்காரர்கள் ஆளுக்கொரு மாடி வீடு கட்டிவிடுவார்கள். கட்டிவிட்டு, ஏறுவதற்குப் படி வைக்க மறந்து கீழேயே படுத்துக் கிடப்பார்கள். அது வேறு விஷயம்.

நான் அடிவாரச் சந்தையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பேர் முத்துப்பேச்சி. ரவிக்கை தைப்பேன், பாவாடை தைப்பேன், வெட்டுத்துணிகளைச் சேர்த்து நடுவில் பஞ்சு வைத்து ஒட்டுப்போர்வையும் தைப்பேன். மலைக்குப் போகிற யாரும் என் கடையைத் தாண்டாமல் போக முடியாது. கருக்கம்பட்டிக்காரர்களும் தாண்டித்தான் போகிறார்கள். என் தலையெழுத்து, வேறென்ன சொல்ல?

எங்கள் மலைப் பக்கத்தில் கல்யாணத்துக்கு ஒரு முறை உண்டு. பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போகும்போது ஒட்டுப்போர்வை ஒன்று கொண்டு போகணும். அதைத் தாய்மாமன்மார் தங்கள் கையால் தைத்து, முகூர்த்தம் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டு வாசலில் கொடுக்கணும். மாமியார் நாலு மூலையையும் பிடித்து இழுத்துப் பார்ப்பாள். ஒரு மூலை பிய்ந்தாலும் பொண்ணு வந்த வழியே திரும்பி நடக்க வேண்டியதுதான். பிய்யாவிட்டால் உள்ளே வரலாம். புதுப் பொண்ணும் மாப்பிள்ளையும் அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் படுக்கணும். மாமியார் வாங்கிக்கொண்ட பிறகு, முதல் பிள்ளையை அதில் கிடத்துகிற வரைக்கும், அதன் மேல் கத்தரியோ கத்தியோ படவே கூடாது. இவ்வளவுதான் முறை. புத்தியுள்ளவன் ஒருத்தன் இருந்தால் அடுத்த சந்தைக்குள் முடிக்கிற வேலை.

கருக்கம்பட்டி குருவம்மாவுக்குப் புத்தியுள்ள மாமன் ஒருத்தனும் இல்லை. ஆனால் மாமன்கள் நாலு பேர் இருந்தார்கள்.

மூத்தவன் ஒச்சப்பன். அடுத்தவன் வீரணன். அதற்கடுத்து மாயழகு. கடைக்குட்டி சின்னாண்டி, அவனுக்கே தலை நரைத்துவிட்டது. தாயில்லாத அந்தப் பிள்ளையை வளர்த்தது இவர்கள்தான். பாசத்துக்குக் குறைச்சலே கிடையாது, அதை மட்டும் சொல்லிவிடணும். நாலு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பொண்ணு கொடுக்கிற அளவுக்கு முட்டாள் அக்கம்பக்கத்து ஊர்களில் யாரும் இல்லை. ஒரு தடவை இவர்கள் வீட்டுக் கூரை மழையில் ஒழுகியது. மழை விட்டதும் நாலு பேரும் கூரை மேல் ஏறிப் பார்த்தார்கள். ஒழுகவில்லை. சரியாகிவிட்டது என்று இறங்கிவிட்டார்கள். அந்த ஜாதகம்.

குருவம்மா என் கடைக்கு வந்தாள். வந்தவள் தையல் மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

"யக்கா, எனக்கு மேல்மலை செல்லப்பாண்டியைப் புடிச்சிருக்கு. அவருக்கும் என்னைப் புடிச்சிருக்கு. ஆனா அவுங்க ஆத்தா இருளாயி இருக்காகளே, அவுக இழுக்குற இழுப்புக்கு மாட்டுக்கயிறே அந்து போகும். இந்த நாலு பேரு தைக்கிற போர்வை தாங்குமா? என் வாழ்க்கை இவுக கையிலயில்ல இருக்கு!"

"அட, இதுக்கா அழுற? நானே தைச்சுத் தர்றேன். மாமன்மாரு தைச்சதுன்னு சொல்லிக்க."

"சொல்லிரலாம்க்கா. இவுக வாயை யாரு தைக்கிறது?"

அதுவும் நியாயம்தான். முன்பு ஒரு ரகசியத்தை வெளியே சொல்லாதீர்கள் என்று இவர்களிடம் சொன்னதற்கு, வீடு வீடாகப் போய், "எங்ககிட்ட ஒரு ரகசியம் இருக்கு, சொல்ல மாட்டோம், வந்து கேட்டுறாதீங்க" என்று தெருக்கோடி வரைக்கும் சொல்லிவிட்டு வந்தவர்கள்.

சரி, கழுதை, கற்றுக்கொடுத்துப் பார்ப்போம் என்று நாலு பேரையும் கடைக்கு வரச் சொன்னேன். சுவரில் மூன்று போர்வைகளை மாட்டி வைத்திருந்தேன். ஒன்று கட்டம், ஒன்று காத்தாடி, ஒன்று தாமரை.

"நல்லாக் கேட்டுக்கங்கண்ணே" என்றேன். "முதல்ல நம்ம கை எவ்வளவு பழகியிருக்குன்னு பாக்கணும். அதுக்குத் தக்கன டிசைனை எடுக்கணும். துண்டு பெருசா, நேரா, கம்மியா இருந்தா சுலபம். துண்டு பொடிசா, வளைஞ்சு நெளிஞ்சு, ஏழெட்டு மூலை ஒரே எடத்துல வந்து கூடுனா கஷ்டம். கட்டம் புதுசா தைக்கிறவுகளுக்கு. காத்தாடி கொஞ்சம் பழகுனவுகளுக்கு. தாமரை கை தேர்ந்தவுகளுக்கு. நானே மழைக்காலம் பூரா உக்காந்து தைச்சேன். அதை நீங்க கண்ணால மட்டும் பாருங்க."

நாலு பேரும் தாமரையைக் கண்ணால் பார்த்தார்கள். பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாம புதுசா, பழகுனவுகளா?" என்றான் ஒச்சப்பன்.

"நாம பொறந்ததுலேருந்து ஒண்ணாத்தான இருக்கோம். நல்லாப் பழகிட்டோம்ணே" என்றான் வீரணன்.

"ஊசியோட பழகியிருக்கீங்களான்னு கேக்குறேன்!" என்று கத்தினேன்.

"முள்ளு எடுத்திருக்கோம்" என்றான் மாயழகு. "மத்தவுக கால்லேருந்தும் எடுத்திருக்கோம்."

"அப்ப கட்டம்தான். பேச்சே கிடையாது. கட்டத்தை எடுங்க."

"அப்படிச் சட்டுனு எடுத்துற முடியாது தங்கச்சி" என்றான் ஒச்சப்பன். அவன் குரலைத் தாழ்த்தினால் தம்பிமார் மூன்று பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். "எது கஷ்டம், எது சுலபம்னு உனக்குத் தெரியுது. எங்களுக்குத் தெரிய வேணாமா? மனுஷனுக்குக் கஷ்டம் வந்தா என்ன ஆகும்?"

"தூக்கம் வராதுண்ணே" என்றான் சின்னாண்டி.

"கஷ்டம் இல்லேன்னா?"

"நல்லாத் தூக்கம் வரும்."

"அம்புட்டுத்தான். மூணையும் போத்திப் படுத்துப் பாப்போம். எதுல தூக்கம் வருதோ அதான் நமக்குச் சுலபமானது."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். குருவம்மா முகத்துக்காகத்தான் மூன்று போர்வைகளையும் கொடுத்து அனுப்பினேன்.

பரீட்சை நடந்த லட்சணத்தைக் குருவம்மா வந்து சொன்னாள். காலையில் எழுந்து காப்பியைக் குடித்த கையோடு, ஈரப் பாறையில், மலைக்காற்று சவுக்கால் அடிக்கிற மாதிரி அடிக்கும்போது, கட்டம் போட்ட போர்வையைப் போர்த்திப் படுத்திருக்கிறார்கள். அது மெல்லிசுப் போர்வை, வெயில் காலத்துக்குத் தைத்தது. நாலு பேருக்கும் பல் கிடுகிடுவென்று ஆடியிருக்கிறது. ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை. கட்டம் ரொம்பக் கஷ்டம் என்று முடிவாகிவிட்டது. உச்சிவெயிலுக்கு முன்னால் காத்தாடி. வீரணன் தூங்கிவிட்டான். மாயழகை எறும்பு கடித்துவிட்டது. ஆகவே காத்தாடி பாதிக் கஷ்டம். மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றி வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குள் கதகதப்பாகத் தாமரையைப் போர்த்தியிருக்கிறார்கள். அதில் நான் வைத்தது இரட்டைப் பஞ்சு. மாடுகள் தாமாகவே வீடு திரும்பி, வாசலில் நின்று கத்திக் கத்தி ஓய்ந்துபோகிற வரைக்கும் நாலு பேரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த நாள் நாலு பேரும் கடைக்கு வந்து நின்றார்கள்.

"தங்கச்சி, நீ தப்பா மாட்டி வச்சிருக்க" என்றான் ஒச்சப்பன். "தாமரைதான் புதுசா தைக்கிறவுகளுக்கு. கட்டம் ரொம்ப ஆபத்து."

"யோவ், கட்டம்னா நாலு நேர்கோடுய்யா! அதுல என்ன ஆபத்து?"

"நீ அதுல படுத்துப் பாத்திருக்கியா?" என்று கேட்டான் வீரணன்.

"நான் எதுக்கு அதுல படுக்கணும்?"

"அப்பப் பேசாத."

என் ஆயுசிலேயே எனக்கு இப்படி யாரும் பாடம் நடத்தியதில்லை. அதுவும் யார்? கூரை ஏறிப் பார்த்தவர்கள்!

கடைசியில் ஒன்று சொன்னேன். "சரி, தாமரையே எடுங்க. ஆனா முதல்ல ஒரே ஒரு பூவை மட்டும் தைச்சுப் பாருங்க. தைக்கும்போது துணி நகரக் கூடாது. தைச்சப்புறம் மூலையைப் புடிச்சு இழுத்தா வரக் கூடாது. வந்துச்சுன்னா, தாமரை நமக்கு ஆகாதுன்னு அர்த்தம். பேசாமக் கட்டத்துக்கு வந்துரணும்."

"நல்ல யோசனை" என்றார்கள். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இழுத்தால் கட்டாயம் வரும். வந்தால் கட்டத்துக்கு வந்துவிடுவார்கள் என்று நம்பினேன்.

நடந்ததைக் குருவம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் உட்கார்ந்து பூ தைத்தார்கள். இழுத்தார்கள். இதழ் இதழாகக் கையோடு வந்தது. நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து யோசித்தார்கள்.

"தாமரை சுலபம். அதுல சந்தேகம் இல்ல. தூங்கிப் பாத்தாச்சு" என்றான் ஒச்சப்பன். "சுலபமான வேலை சரியா வரலேன்னா, தப்பு யாரோடது?"

"ஊசியோடது" என்றான் மாயழகு. "இத்தினிக்காணு ஊசி. கல்யாணம் எம்புட்டுப் பெரிய காரியம்!"

"மூட்டை தைக்கிற கோணி ஊசியை எடு. நூலை வீசிட்டுச் சணலை எடு" என்றான் ஒச்சப்பன்.

"அதுக்கு முன்னாடி தங்கச்சி தைச்ச தாமரையையும் ஒருக்கா சோதிச்சுப் பாத்துரலாம்ணே" என்றான் சின்னாண்டி. "தைக்கச் சுலபமானது பிரிக்கவும் சுலபமாத்தான இருக்கும்?"

பாவிப் பயல்கள், பிரித்துவிட்டார்கள். என் தாமரையை! இதழ் இதழாக நான் வளைத்து வளைத்து, கண் பூத்துப்போகத் தைத்ததை! பஞ்சு தனியாக, துணி தனியாக ஒரு கூடையில் போட்டு என் கடைக்கே கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. கத்தரியைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"மத்தியானத்துக்குள்ள பிரிச்சு முடிச்சிட்டோம்" என்றான் சின்னாண்டி. என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "இம்புட்டுச் சுலபமா இருக்கு. இதுக்கா நீ ஒரு மழைக்காலம் எடுத்துக்கிட்ட? பரவாயில்ல தங்கச்சி, போகப் போகப் பழகிரும்."

அன்றைக்கு அவன் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தது குருவம்மா செய்த புண்ணியம்.

கல்யாண நாள் விடிந்தது. குருவம்மா பட்டுப்புடவையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். "யக்கா, கத்தரியை எடுத்துக்கிட்டுச் சீக்கிரம் வா! நான் என்னத்தன்னு சொல்லுவேன்!"

போய்ப் பார்த்தேன். முற்றத்தில் நாலு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் போர்வை விரிந்து கிடந்தது. மாடு மிதித்துவிட்டுப் போன பூக்கடை மாதிரி இருந்தது. ஒரு இதழ் மேலே பார்க்கிறது, ஒரு இதழ் கீழே பார்க்கிறது, நடுவில் யாருடைய பழைய துண்டோ கிடக்கிறது. அதுகூடப் போகட்டும். நாலு மூலையும் நாலு பேர் இடுப்பில் இருந்தது.

"என்னய்யா இது?"

"தைக்கும்போது துணி நகரக் கூடாதுன்னு நீதான சொன்ன?" என்றான் ஒச்சப்பன் பெருமையோடு. "இடுப்புல அரைஞாண் கயித்துக்குள்ள சொருகிக்கிட்டோம். அப்புறம் எங்க நகரும்? அப்படியே வச்சுத் தைச்சுட்டோம்."

கிட்டே போய்ப் பார்த்தேன். கோணி ஊசியால், சணலால், போர்வை மூலையையும் வேட்டியையும் அரைஞாண் கயிற்றையும் சேர்த்து நெல் மூட்டைக்கு வாய் தைக்கிற மாதிரி தைத்து வைத்திருந்தார்கள். கயிறோ தொப்பையில் பதிந்து கிடக்கிறது, மேலேயும் ஏறாது, கீழேயும் இறங்காது. ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். மூலை வரவில்லை. மாயழகு வந்தான்.

"பாத்தியா! பாத்தியா!" என்று நாலு பேரும் கூத்தாடினார்கள். ஒருத்தன் குதித்ததும் மற்ற மூன்று பேரும் விழுந்தார்கள்.

"வாயை மூடுங்க. கயித்தை அறுத்துவிடுறேன்."

"அய்யய்யோ! அரைஞாண் கயித்தை அறுக்கிறது பொணத்துக்குத்தான்! எங்களைக் கொல்லப் பாக்குறியா?" என்று அலறினான் வீரணன்.

"புதுக் கயித்தைக் கட்டிட்டுப் பழசை அறுப்பாக, ஊரு உலகத்துல எல்லாரும் அப்படித்தான் செய்வாக. பேசாம நில்லு!"

கத்தரியை வைக்கப் போனேன். குருவம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு யோசனை ஓடியது.

"யக்கா, பொறு. இழுத்தா மூலை வரலையே!"

"வராது. மாமன்தான் வருவாரு."

"எனக்கு மூலை வராம இருந்தாப் போதும். இப்ப அறுத்துட்டா இந்தத் தையலும் சேர்ந்து பிரிஞ்சு போகும், முகூர்த்தத்துக்குள்ள வேற தைக்க முடியாது. மாமியா வாசலைத் தாண்டிக்கிறேன். தாண்டுனதும் அறுத்துரு."

மேளக்காரன் தெருமுனைக்கு வந்துவிட்டான். அந்த அவசரத்தில் மற்ற முறையெல்லாம் யார் நினைவிலும் இல்லை. கத்தரியை இடுப்பில் சொருகிக்கொண்டு நானும் கிளம்பினேன்.

மேல்மலைக்குப் போவது ஒற்றையடிப் பாதை. மூத்தவன்தான் முன்னால் போகணும் என்று தம்பிமார் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவன் தைத்துக்கொண்டு உட்கார்ந்தது போர்வையைப் பார்த்தபடி. ஆகவே முதுகைப் பாதைக்குக் காட்டிக்கொண்டு பின்புறமாகவே நடந்து வந்தான். திருப்பம் வந்தபோதெல்லாம் வீரணன், "அண்ணே, பள்ளம்" என்பான். "எங்கடா?" என்று திரும்புவான் ஒச்சப்பன். நாலு பேரும் பள்ளத்தில் கிடப்பார்கள். பொண்ணு முன்னால் போய்ச் சேர்ந்து, தாலி கட்டி முடித்து, பந்தியும் பாதி முடிந்த பிறகுதான் சீர் வந்து சேர்ந்தது.

வாசலில் இருளாயி நின்றாள். வாசலை அடைத்து நிற்கிற ஆள். எதிரே குருவம்மா கழுத்தில் புதுத் தாலியோடு, உதடெல்லாம் வெளுத்துப்போய் நின்றாள். இருளாயி முந்தானையை இழுத்துச் சொருகினாள், கையில் மண்ணைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டாள், ஒச்சப்பன் மூலையைப் பிடித்து ஒரே இழுப்பு. ஒச்சப்பன் பறந்து வந்து அவள் காலடியில் விழுந்தான். மூலை அசையவில்லை. வீரணனை இழுத்தாள். அவன் வாழைமரத்தைச் சாய்த்துக்கொண்டு வந்தான். மூலை அசையவில்லை. மாயழகு, சின்னாண்டி, இரண்டு பேரும் அப்படியே. இருளாயிக்கு வேர்த்துவிட்டது.

"எத்தனையோ போர்வையை இழுத்துப் பிச்சிருக்கேன்" என்றாள் மூச்சு வாங்க. "மாமனே கூட வந்தாலும் மூலை வராத போர்வையை இன்னைக்குத்தான் பாக்குறேன். உள்ள வா தாயி!"

குருவம்மா வலது காலை எடுத்து வைத்தாள். செல்லப்பாண்டி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். எனக்கே கண் கலங்கிவிட்டது. "சரி, வாங்கண்ணே, அறுத்துவிடுறேன்" என்று கத்தரியை எடுத்தேன்.

இருளாயி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கத்தரியா? நான் வாங்குன போர்வையிலயா? முதல் பிள்ளை அதுல படுக்காமயா?"

"போர்வையில படாதும்மா, கயித்துலதான்…"

"போர்வையோட சேர்த்துத் தைச்சது எல்லாம் போர்வைதான்."

நான் குருவம்மாவைப் பார்த்தேன். குருவம்மா என்னைப் பார்த்தாள். ஒச்சப்பன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, "சம்பந்தியம்மா சொல்றது நூத்துக்கு நூறு நியாயம்" என்றான். "என்ன, ஒரு பிள்ளை பொறக்கணும், அம்புட்டுத்தான? நாங்க இருந்து பாத்துட்டே போறோம். எங்களுக்கு என்ன ஊருல தலை போற வேலையா?"

தம்பிமாரும் தலையாட்டினார்கள். தங்கள் தையலைப் பற்றி மாப்பிள்ளையிடம் விளக்கம் சொல்லிக்கொண்டே அவனோடு உள்ளே போனார்கள். நான் கத்தரியை இடுப்பில் சொருகிக்கொண்டு மலை இறங்கினேன்.

அறுவடையெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் பகலில் மேல்மலைக்குப் போனேன், இருளாயிக்கு ரவிக்கை அளவெடுக்க. குருவம்மா அடுப்படியில் அண்டா நிறையச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"போர்வை எப்படிடி இருக்கு?"

"காலையில காப்பி கேக்குதுக்கா. மத்தியானம் கறி கேக்குது" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அறை நிறையப் போர்வை. மூலைக்கு ஒருத்தராக நாலு மாமன்களும் படுத்திருந்தார்கள். கன்னமெல்லாம் உப்பி மினுமினுவென்று இருந்தார்கள். செல்லப்பாண்டி சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் குழியில் கிடந்தது.

"வா தங்கச்சி" என்றான் ஒச்சப்பன். "நல்ல நேரத்துல வந்த. ஒரு கவலை எங்களை அரிக்குது. இன்னும் பிள்ளை பத்தி ஒரு பேச்சும் இல்ல. சம்பந்தியம்மாவும் தினம் கேக்குறாக."

"எங்க பக்கம் ஒரு குறையும் இல்ல" என்றான் வீரணன். "பக்கத்துலயே நாலு பேரும் இருக்கோம். பயப்படாமத் தூங்கட்டும்னு கதை சொல்றோம். தண்ணி தவிச்சா எடுத்துக் குடுக்குறோம். ஒரு நாள்கூட இவுகளைத் தனியா விட்டதில்ல."

"எங்களுக்கு நல்லாத் தூக்கம் வருது" என்றான் மாயழகு. "அப்ப இது சுலபமான காரியம்தான?"

"ஆனா மாப்பிள்ளைக்குத்தான் பொட்டுத் தூக்கம் வரலேண்ணே" என்றான் சின்னாண்டி. "அவரு கண்ணைப் பாருங்க."

நாலு பேரும் செல்லப்பாண்டியின் கண்ணைப் பார்த்தார்கள். ஒச்சப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

"அதான் விஷயம். புள்ள பாவம், புதுசு. எடுத்த எடுப்புலயே கைக்கு மீறுன வேலையை எடுத்துட்டாரு. முதல்ல சுலபமா ஒண்ணை எடுத்துப் பழகியிருக்கணும்."

சின்னாண்டி தலைமாட்டைத் துழாவிக் கோணி ஊசியை எடுத்தான். சணலைக் கோத்து, முடிச்சுப் போட்டு, மாப்பிள்ளையின் கையில் இரக்கத்தோடு கொடுத்தான்.

"ஒண்ணும் பயப்படாதீங்க மாப்ளே. ஒரு தாமரை தைச்சுப் பாருங்க."